கைமுதலும் சிறுவாடும்: தமிழகச் சிறுவணிகப் பெண்களின் கணக்கு வழக்கு

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனை நாடிச் செல்லும் பாணனுக்கு வழி கூறும்போது, ஆய்மகள் ஒருத்தியின் வணிகத்தையும் விரிவாகக் காட்டுகிறது. விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று விற்கும் அவள், மோருக்கு ஈடாகக் கிடைத்த தானியத்தால் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்யின் விலையாகத் தரப்படும் பொன்னை மட்டும் ஏற்காமல், அதற்குப் பதிலாக எருமையையும் பசுவையும் இளங்கன்றையும் வாங்கிக்கொள்கிறாள். அன்றாடம் விற்கும் பொருளின் வரவு அடுப்புக்கு, சேர்த்துவைத்து விற்கும் பொருளின் வரவு தொழிலுக்கு என்னும் தெளிவான பிரிவினை இதில் இருக்கிறது. தமிழகத்தில் சிறுவணிகம் செய்த பெண்கள் பிற்காலத்தில் கையாண்ட பண ஏற்பாடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால், பெரும்பாலானவை இதே பிரிவினையைக் காப்பதற்காக, அதாவது கைமுதலை வீட்டுச் செலவு விழுங்கிவிடாமல் தடுப்பதற்காக உருவானவை என்பது புலப்படும்.

அவற்றுள் மிக எளியது சிறுவாடு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தும், முட்டை, மோர், வேப்பங்கொட்டை போன்றவற்றை விற்றும் பெண்கள் தமக்கெனச் சேர்த்துவைக்கும் பணத்துக்கு இப்பெயர். அரிசிப் பானையிலும் அஞ்சறைப்பெட்டியிலும் புடவை மடிப்பிலும் இருந்த இப்பணம் ஓரளவு சேர்ந்ததும் ஆடாகவோ கோழியாகவோ மாறியது. ஆட்டைத் தாமே வளர்க்க இயலாதவர்கள் அதை வாரத்துக்கு விட்டார்கள், அதாவது வளர்ப்பவரும் உடைமையாளரும் ஈனும் குட்டிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் பிறரிடம் ஒப்படைத்தார்கள். பெண்ணின் சம்பாத்தியத்தின்மேல் கணவனுக்கும் மாமியாருக்கும் கேள்வியற்ற உரிமை இருந்த குடும்பங்களில் மறைத்துவைப்பதைத் தவிர வேறு காப்பு இல்லை. ஆயினும் மறைவே அதன் குறையும் ஆயிற்று: மறைந்திருக்கும் பணம் வட்டி ஈட்டாது, அதன் உரிமையாளர் வெளிப்படையாக வழக்காடவும் முடியாது. 2016 நவம்பர் 8ஆம் நாள் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் காத்த சிறுவாட்டைப் பெண்கள் வீட்டாரிடமே வெளிப்படுத்தி மாற்றித்தரக் கேட்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

சீட்டு இதற்கு அடுத்த படி. உறுப்பினர் அனைவரும் மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்ட, திரண்ட பணத்தை ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுத்துக்கொள்ளும் முறை இது. யார் எடுப்பது என்பதைக் குலுக்கிப்போட்டுத் தீர்மானித்தால் குலுக்கல் சீட்டு, அதிகம் தள்ளுபடி கேட்பவருக்குத் தந்தால் ஏலச்சீட்டு. 20 பேர் ஆளுக்கு 500 ரூபாய் கட்டும் ஏலச்சீட்டில் திரளும் தொகை 10,000 ரூபாய். அவசரமுள்ள ஒருவர் 2,000 ரூபாய் தள்ளி எடுத்தால் 8,000 ரூபாய் பெறுவார். சீட்டு நடத்துபவரின் கழிவு 5 விழுக்காடு, அதாவது 500 ரூபாய் போக, எஞ்சிய 1,500 ரூபாய் 20 பேருக்கும் ஆளுக்கு 75 ரூபாயாகப் பிரியும். கடனும் சேமிப்பும் ஒரே கணக்கில் அடங்கும் இந்நுட்பத்தை எழுத்தறியாத பெண்களும் மனக்கணக்காகவே நடத்தினார்கள். பணம் கேட்டுவரும் உறவினரிடம் ‘சீட்டுக்குக் கட்ட வேண்டும்’ என்று சொல்ல முடிந்தது ஏலத்தில் கிடைத்த லாபத்தைவிடப் பெரிய பயன் என்று கருத இடமுண்டு. நடத்துபவர் பணத்தோடு மறைந்துவிடும் ஆபத்தைக் கட்டுப்படுத்த 1961இல் சென்னை மாநிலச் சட்டமும் 1982இல் மத்தியச் சட்டமும் வந்தன. ஆனால் தெருவளவில் நம்பிக்கையின்பேரில் நடந்த சீட்டுகளில் பெரும்பாலானவை பதிவுக்கே வரவில்லை.

கைமுதல் இல்லாதவர்களுக்கு எஞ்சியது தண்டல். நாள்தோறும் வசூலிக்கப்படும் இக்கடனில் 1,000 ரூபாய்க்கு வட்டியை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 850 ரூபாய் கையில் தரப்பட்டால், நாளொன்றுக்கு 10 ரூபாயாக 100 நாளில் அடைக்க வேண்டும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் கொண்டால், இதன் ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டையும் தாண்டும். காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பும் சந்தைக் கடனோ இதனினும் கொடியது. பூக்காரியும் காய்கறி விற்பவளும் இதை அறியாமையால் வாங்கினார்கள் என்று கூறுவது பெரும்பிழை. அன்றாட வரவுக்கு ஏற்ற அன்றாடத் தவணையையும், ஈடு கேட்காமல் கடையடிக்கே வந்து தரும் கடனையும் வேறெவரும் அவர்களுக்கு வழங்கவில்லை. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இல்தான் வந்தது.

1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பின்னும், நிலமோ கையெழுத்தோ இல்லாத பெண்ணுக்கு அவற்றின் கதவு எளிதில் திறக்கவில்லை. அகமதாபாத்தில் இலா பட்டின் முயற்சியால் 1974இல் சுமார் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டு சேவா வங்கியைத் தொடங்கியபோது, கையெழுத்துக்குப் பதிலாக ஒளிப்படத்தை அடையாளமாகக் கொண்டு இத்தடையைக் கடந்தார்கள். சென்னையில் ஜெயா அருணாசலம் 1978இல் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு, ஒரே பகுதியில் தொழில் செய்யும் பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவர் பிணை நிற்க வைத்து, வங்கிகளிடம் குறைந்த வட்டிக் கடன் பெற்றுத் தந்தது. 1981இல் அவ்வமைப்பு தனக்கென ஒரு கூட்டுறவுச் சங்கத்தையே அமைத்துக்கொண்டது.

தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் அரசு தொடங்கிய சுயஉதவிக்குழுக்கள் இவ்வழியில் வந்தவை. 1997–98 முதல் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவிய இக்குழுக்களில் 12 முதல் 20 பெண்கள் சேர்ந்து சேமித்து, அச்சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்து, ஊக்குநர் ஒருவரின் பொறுப்பில் கூட்ட முடிவுகளைத் தீர்மான நோட்டிலும் வரவு செலவைப் பேரேட்டிலும் பதிந்தார்கள். சிக்கனத்தை இக்குழுக்களே பெண்களுக்குக் கற்றுத்தந்ததாக அடிக்கடி எழுதப்படுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. சிக்கனம் முன்பே இருந்தது. நியாயமான வட்டியும், மறைக்கத் தேவையில்லாத கணக்கும்தான் புதிதாக வந்தன.

கடல் கடந்து வணிகம் செய்த பெருங்குடும்பங்களின் பேரேடுகளை ஆய்வாளர் தேடிப் படிக்கிறார்கள்; மோர் விற்றவளின் மனக்கணக்கோ அவளோடு போயிற்று. எளிய பெண்கள் தங்கள் பணத்தைப் பற்றித் தாங்களே பெருமளவில் எழுதிய பதிவு, இன்று குழு உறுப்பினர்களின் வீட்டுப் பரண்களில் கிடக்கும் இந்தப் பழைய நோட்டுகளே ஆகும். கறையானுக்கும் பழைய காகிதக் கடைக்கும் போவதற்கு முன், மாவட்டந்தோறும் அவற்றைத் திரட்டி ஆவணக்காப்பகங்களில் சேர்க்கும் பணியை அரசும் பல்கலைக்கழகங்களும் உடனே தொடங்க வேண்டும்.