தலைக்கு எண்ணெய் வைக்காத சாமி

சுவரொட்டிகளின் கதை – 11

போன வாரம் பாம்போடு நிறுத்தினோம். 1967 மே மாதம், ராயல்டி தகராறில் போஸ்டர் ஓவியர் வெஸ் வில்சன், ராக் கச்சேரிகள் நடத்திய பில் கிரஹாமுக்கு வரைந்து கொடுத்துவிட்டுப் போன பாம்பு. வாயில் டாலர் குறி. இரண்டே மாதம், ஜூலையில், சான்ஃப்ரான்சிஸ்கோ மூர் கேலரியில் வில்சன், மவுஸ், கெல்லி, கிரிஃபின், மொஸ்கோசோ ஐந்து பேரும் சேர்ந்து 'ஜாயின்ட் ஷோ' வைத்தார்கள். தெருவில் பசை தடவி ஒட்டிய ராக் போஸ்டர் கண்காட்சிச் சுவருக்கு ஏறிய கதை. அதைத்தான் இந்த வாரம் சொல்வதாக வாக்கு. அதற்கு முன் ஒரு நடை அபிஷேகப்பாக்கம் போய்விட்டு வந்துவிடலாம்.

எங்கள் ஊர் அது. சிங்கிரிக்குடி நரசிம்மர் கோயில் எட்டிப்பிடிக்கும் தூரம். நடுவில் புதுச்சேரி முடிந்து கடலூர் மாவட்டம் ஆரம்பித்துவிடும், நரசிம்மருக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. அவருக்குப் பதினாறு கை. அத்தனை கையையும் பார்த்தே வளர்ந்தவள் எங்கள் ஆயா.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சித்தப்பா, ஊரில் சொன்னால் சொல்தா, ஒருமுறை லீவில் வந்தபோது பெட்டியில் நாலைந்து எல்.பி. இசைத்தட்டு. மேலே இருந்தது ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'ஆக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ்'. அட்டையைக் கண்டதும் ஆயா முந்தானையைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டுவிட்டாள். அப்புறம்தான் உற்றுப் பார்த்தாள்.

"முனீஸ்வரனாடா? மீசை வெச்சிருக்காரு. தலைக்கு ஒரு சொட்டு எண்ணெய் வெக்காம விட்டுட்டாங்களே!"

ஆயாவைக் குறை சொல்ல முடியாது. அது விஸ்வரூப விஷ்ணு படமேதான். இங்கே கடைகளில் விற்கும் சாமிப்படத்தை எடுத்து, பெருமாள் முகம் இருந்த இடத்தில் ஹென்ட்ரிக்ஸ், அவர் குழுவின் நோயல் ரெடிங், மிட்ச் மிட்செல் மூவரின் முகத்தையும் வைத்துவிட்டார்கள். புகைப்படம் கார்ல் ஃபெரிஸ். அட்டை வடிவமைப்பு டேவிட் கிங், ரோஜர் லா. 1967 டிசம்பர் 1 அன்று லண்டனில் வெளியானது. ஹென்ட்ரிக்ஸுக்கே அது பிடிக்கவில்லை. தன் குடும்பத்தில் ஓடுவதாக அவர் நம்பியது அமெரிக்கப் பழங்குடியான செரோக்கி ரத்தம். அந்த 'இந்தியன்' வேறு, இந்த இந்தியன் வேறு. 2014-ல் மலேசிய அரசு இந்த அட்டைக்குத் தடையே போட்டது.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். வில்சனுக்குத் தன் கூலியைக் கேட்க ஒரு பாம்பாவது இருந்தது. அந்தச் சாமிப்படத்தை முதலில் வரைந்த நம்மூர் ஓவியருக்கு என்ன இருந்தது? கலைஞனைச் சுரண்டியதாக கிரஹாமை இதுவரை பத்து வாரம் திட்டியிருக்கிறேன். இந்த விஷயத்தில் லண்டன்காரர்கள் அவரைவிட மோசம்.

சாமிப்படம் என்றால் சாதாரணமா? கோவில்பட்டி சி. கொண்டையராஜுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1898-ல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனியில் படுதா எழுதினார். 1940களில் கோவில்பட்டியில் கம்பெனி கலைந்ததும் அங்கேயே தங்கிவிட்டார். ராஜா தர்பார் படுதாவில் இருந்த தூண், திரைச்சீலை, தூரத்து மலை எல்லாம் அப்படியே மீனாட்சிக்கும் கஜலட்சுமிக்கும் பின்னால் வந்து நின்றன. சிவகாசி அச்சகங்கள் அவற்றை மளிகைக்கடை காலண்டராக்கி ஊர் ஊராக அனுப்பின. படுதாவிலிருந்து காலண்டர், சாமிப்படத்திலிருந்து ராக் அட்டை. என்னைக் கேட்டால் மூர் கேலரிச் சுவரில் ஆறாவதாக ஒரு கோவில்பட்டிச் சட்டமும் தொங்கியிருக்க வேண்டும்.

மூர் கேலரி! மறந்தே போனேன். ஆசிரியர் கொடுத்த இடம் இன்னும் ஆறு வரிதான். ஐவர் கதை அடுத்த வாரம், கண்டிப்பாக.

சித்தப்பாவின் தட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அட்டையில் துளி கறை பட்டாலும் சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். இதில் ஹென்ட்ரிக்ஸ் நெற்றியில், கட்டைவிரல் அகலத்துக்கு, ஆயா வைத்த குங்குமம்.

(தொடரும்)