பொன்மலைச் சங்கு

பொன்மலை ரயில்வே காலனியில் கடிகாரம் இல்லாத வீடுகள் நிறைய இருந்தன. நேரம் தெரியாத வீடு ஒன்றுகூட இல்லை. ஒர்க்‌ஷாப்பில் சங்கு ஊதும்; அதைக் கேட்டு உலை ஏறும், தலை வாரப்படும், சைக்கிள்கள் கிளம்பும். "சங்கு ஊதிருச்சு, இன்னுமா பல்லு வெளக்குற?" என்று அம்மா சத்தம் போடாத காலைப்பொழுது எனக்கு நினைவில் இல்லை. மத்தியானச் சங்குக்குச் சாப்பாட்டுக் கேரியர் கேட்டுக்கு வெளியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சாயங்காலச் சங்கு ஊதினால் சாலை முழுக்கச் சைக்கிள் மணி. செந்தண்ணீர்புரத்திலும் பொன்மலைப்பட்டியிலும் ஒர்க்‌ஷாப்புக்குச் சம்பந்தமே இல்லாத குடும்பங்களும் அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்தன. இரும்பிலிருந்து வரும் அலறலுக்குக் கடலில் பிறந்த ஒன்றின் பெயர் ஏன் வந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டுப் பார்த்தால் அந்தப் பெயருக்குள் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

தமிழில் இந்தக் கடல்பொருளுக்குப் பழம்பெயர்கள் பல. வளை என்றார்கள், கோடு என்றார்கள், நந்து என்றார்கள். வளை என்பது வளைந்த உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். அதை அறுத்துக் கையில் போட்ட அணிக்கும் அதே பெயர் ஆயிற்று. அகநானூற்றின் 24ஆம் பாட்டில் வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் சங்கை அறுத்து வளை செய்கிறான். கோடு என்ற சொல் மாட்டுக் கொம்புக்கும் யானைத் தந்தத்துக்கும் பொது. வளையும் கோடும் கண்ணுக்குத் தெரிந்த உருவத்தைப் பிடித்துக்கொண்டவை. சங்கு என்ற சொல்லோ வடமொழியோடு தொடர்புடையது. கிரேக்க மொழியின் கோங்கேயும் அதற்கு உறவு என்பார்கள். தூத்துக்குடியில் சங்கு குளிப்பதைக் கண்ட ஆங்கிலேயர்கள் நம் சொல்லையே எடுத்துச் 'சாங்க்' என்று எழுதிக்கொண்டார்கள். பழம்பெயர்களெல்லாம் பின்வாங்கிய பிறகு, ஊதும் வேலையோடு ஒட்டிக்கொண்டு நம் வாயில் தங்கியது இந்தச் சொல்தான்.

அந்த வேலை என்ன? பொழுதை ஊருக்குச் சொல்வது. திருப்பாவையின் ஆறாம் பாசுரத்தில் உறங்கும் தோழியை எழுப்ப ஆண்டாள் காட்டும் விடியல் அடையாளங்களில் கோயிலில் ஊதும் வெண்சங்கின் முழக்கமும் ஒன்று. சோழர் காலத்துக் கோயில்களில் ஸ்ரீபலி வழிபாட்டுக்குக் கொட்டிய வாத்தியக் குழுவில் சங்கு ஊதுவோரும் இருந்தார்கள்; அவர்களுக்கு நிலம் விட்ட செய்தி கல்வெட்டுகளில் வருகிறது. 'ஊதுற சங்கை ஊதி வைப்போம், விடியும்போது விடியட்டும்' என்ற பழமொழியை இன்றைக்கு அலுப்போடு சொல்கிறோம். அதற்குள் இருப்பவர் விடியலுக்கு முன்பே எழுந்து, நேரம் தவறாமல் தன் கடமையைச் செய்துவிட்டுப் போகிற ஒரு கோயில் பணியாளர் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுக்குள்ளும் இந்தச் சொல் புழங்கியது. பிள்ளைக்குப் பால் புகட்டுவது வெள்ளிச் சங்கில். தொண்டைக்கும் சங்கு என்றே பெயர். கோபத்தில் 'சங்கைக் கடிச்சிருவேன்' என்பார்கள். சாவு வீட்டில் ஊதுவதும் சங்கு. தெருவில் அது கேட்டால் நாங்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு ஓரமாக நிற்போம்.

இனி ரயிலுக்கு வருகிறேன். தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை முன்பு நாகப்பட்டினத்தில் இருந்தது. திருச்சிக்குத் தெற்கே, 1753இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்ட பாறைக்குன்றின் பக்கத்தில் புதுப் பட்டறை எழுந்தது. போர்க் குறிப்புகளில் 'கோல்டன் ராக்' என்று பெயர் பெற்றிருக்கும் அந்தக் குன்றுதான் எங்கள் பொன்மலை. பட்டறை 1928இல் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில், ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் அதற்காகச் சிறை சென்றார். நாகையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள், சுற்றுக் கிராமங்களிலிருந்து முதல்முறையாக மாதச் சம்பளத்துக்கு வந்தவர்கள், இவர்கள்தான் பொன்மலையின் முதல் தலைமுறை. வெயிலையும் கோழியையும் பார்த்து எழுந்தவர்களுக்கு நிமிடக் கணக்கில் கேட்டைத் தாண்டுவது புதிது. அந்தப் புது அதட்டலுக்கு அவர்களைப் போன்ற தொழிலாளிகள் ஊர் ஊராக வைத்த பெயர் சங்கு. மதுரையிலும் கோவையிலும் பஞ்சாலைகளில் ஊதியதும் சங்குதான். எந்தச் சொல்லாக்கக் குழுவும் கூடவில்லை. 'ஊதொலி' என்றெல்லாம் பின்னால் ஏட்டில் எழுதிப் பார்த்தவர்கள் உண்டு. கேட்டு வாசலில் நின்றவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது, நிலைத்ததும் நியாயம்.

இந்த இடத்தில் இரண்டு பெண்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்த ஆசைப்படுகிறேன். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்கக் கண்ணனின் சங்கைப் பார்த்தே பேசுகிறாள். அவன் வாயின் சுவையும் மணமும் எப்படி இருக்கும் என்று அதைக் கேட்கிறாள். தனக்குக் கிடைக்காத நெருக்கம் அதற்குக் கிடைத்ததே என்று ஏங்குகிறாள். அவள் அரங்கனோடு கலந்ததாகச் சொல்லும் ஸ்ரீரங்கம் எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். பல நூற்றாண்டுகள் கழித்துப் பாரதிதாசன் இசையமுதில் ஆலைத் தொழிலாளியின் மனைவியைப் பாட வைத்தார். அவளும் சங்கைத்தான் விளிக்கிறாள். அது ஆலைச் சங்கு. அது ஊதினால் கணவன் வீடு வருவான். கோயில் சங்குக்கும் ஆலைச் சங்குக்கும் ஒரே சொல் இருந்ததால்தான் இந்த இரண்டு பாட்டும் ஒரே மரபில் வந்து உட்கார்கின்றன. 'சைரன்' என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணால் அதனிடம் இப்படிப் பேசியிருக்க முடியாது.

பொன்மலையில் இன்னொரு சொல்லும் இதனோடு மோதியது. சங்கம். வடமொழியில் சங்கைக் குறிக்கும் சொல்லில் வருவது இரண்டாம் ககரம். கூட்டத்தைக் குறிக்கும் சொல்லில் நான்காம் ககரம். தமிழில் உள்ளது ஒரே ககரம். ஆகவே குபேரனின் சங்கநிதியில் இருப்பதும் சங்கம், தொழிற்சங்கத்தில் இருப்பதும் சங்கம். பிறப்பால் வேறான இரண்டு சொற்கள் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. எங்கள் ஊரில் அவை வாழ்க்கையிலும் எதிரெதிராக நின்றன: சங்கு நிர்வாகத்துடையது, சங்கம் தொழிலாளியுடையது. 1946இல் தென்னிந்திய ரயில்வேயில் வேலைநிறுத்தம் நடந்தபோது, செப்டம்பர் 5 அன்று மலபார் சிறப்புக் காவல்படை பொன்மலையில் தொழிலாளர்கள் மீது சுட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் அனந்தன் நம்பியார் கடுமையாகத் தாக்கப்பட்டார். அந்த இடத்துக்குச் சங்கத்திடல் என்று பெயர். ஒவ்வோர் ஆண்டும் அன்றைக்குச் செங்கொடியோடு கூடுகிறார்கள். சின்ன வயதில் நான் அதைச் 'சங்குத் திடல்' என்றே நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தாத்தா உட்கார வைத்து அந்த ஐந்து பேரைப் பற்றிச் சொன்னார். ஒரு சொல்லைத் திருத்துவதற்காக அவ்வளவு நேரம் பேசிய வேறொருவரை நான் கண்டதில்லை.

போர்க்காலத்தில் விமானத் தாக்குதலை எச்சரித்தது அபாயச் சங்கு. ஜனவரி 30 காலை 11 மணிக்குக் காந்தியடிகளை நினைத்து எழுந்து நிற்கச் சொல்லி ஊதுவதும் சங்கு. ஆம்புலன்ஸிலும் போலீஸ் ஜீப்பிலும் ஊதுவது மட்டும் சைரன். அதைச் சங்கு என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. சத்தத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் ஆம்புலன்ஸ் ஒரு நோயாளிக்காக ஓடுகிறது, வழியில் நிற்பவர்களை விலகச் சொல்கிறது. சங்கு நின்ற இடத்திலிருந்து ஊர் முழுவதற்கும் ஒரே பொழுதைச் சொல்கிறது. தமிழ் பேசுகிறவர்கள் இந்த வேற்றுமையை யாரும் கற்றுத்தராமலே பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இதற்கு உறுதியான சாட்சி பொன்மலைக்குள்ளேயே உண்டு. நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டிலும் அந்த ஒர்க்‌ஷாப்பில்தான் புதிதாகச் செய்தார்கள். கொதிகலனில் நீராவி ஏறியதும் அவையும் ஊதிப் பார்க்கப்படும். காலனிப் பிள்ளைகள் அதை 'விசில்' என்பார்கள், 'கூவுது' என்பார்கள். அதே கூரைக்கு அடியிலிருந்து வந்தாலும் அதை ஒரு தடவைகூட யாரும் சங்கு என்று சொன்னதில்லை.