பெயரில் பாத்திரம் மட்டுமே: சகனாகியின் சொல் வரலாறு

கிரேக்க விருந்தில் முதலில் மேசைக்கு வரும் சிற்றுணவுகளுள் ஒன்று சகனாகி. விரல் கனமுள்ள பாலாடைக்கட்டித் துண்டை நீரில் நனைத்து, மாவில் புரட்டி, ஆலிவ் எண்ணெயில் இருபுறமும் பொன்னிறமாக வறுத்து, எலுமிச்சை பிழிந்தால் உணவு ஆயத்தம். எளிதில் உருகாத கெட்டியான கட்டி வேண்டும் என்பது ஒன்றே விதி. ஆயினும் இவ்வுணவின் பெயரில் பாலாடைக்கட்டிக்கு இடமே இல்லை.

'சகானி' என்பது கிரேக்கத்தில் இருபுறமும் கைப்பிடி கொண்ட வாணலி. '-ஆகி' சிறுமைப் பொருள் தரும் விகுதி. பாத்திரத்தின் பெயர் அதனுள் வேகும் உணவுக்கு ஆகி வந்திருக்கிறது; தமிழ் இலக்கண மரபில் இதனை இடவாகுபெயராகக் கொள்ளலாம். அதனால்தான் இறாலும் சிப்பியும் அதே வாணலியில் சமைக்கப்படும்போது அவையும் சகனாகி எனப்படுகின்றன.

'சகானி' கிரேக்கத்தில் பிறந்த சொல்லன்று. துருக்கிய 'சஹான்' அதன் மூலம். அதற்கும் மூலம், தட்டைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'சஹ்ன்'. இதே அரபுச் சொல் கடல்வழியே தென்திசைக்கும் வந்தது. காயல்பட்டினத்திலும் இலங்கை முஸ்லிம்களிடையேயும் விருந்தில் பலர் சூழ்ந்தமர்ந்து உண்ணும் பெருந்தட்டுக்குப் பெயர் 'சஹன்'. ஏதென்சின் சிறு வாணலியும் காயலின் பெருந்தட்டும் சொல்லுறவால் உடன்பிறப்புகள்.

வாணலிக்குள் இருப்பவற்றின் பெயர்களும் பல அடுக்குகளைக் காட்டுகின்றன. 'கெஃபலோதிரி' என்னும் கட்டியின் பெயரிலுள்ள 'திரி' மிகத் தொன்மையானது. அதன் மூலவடிவம் 3,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட மைசீனியக் களிமண் பலகைகளிலேயே காணப்படுகிறது. 'கசேரி' துருக்கிய 'கஷார்' என்பதோடு உறவுடையது. கிரேக்கத்தின் அடையாளமாகவே கருதப்படும் 'ஃபெட்டா'வோ, துண்டு எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்.

இவ்வடுக்குகளை அனைவரும் விரும்பவில்லை. விடுதலைக்குப் பிந்தைய கிரேக்க அரசு 'கத்தாரெவுசா' என்னும் தூய்மைப்படுத்திய நடையை வளர்த்தது. துருக்கியச் சொற்களைக் களைவது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1976இல்தான் மக்கள்மொழி அதன் இடத்தைப் பெற்றது. சமையலிலும் இதே முயற்சி நிகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிக்கோலாஸ் செலமென்டெஸ் துருக்கியச் சாயலைக் களைந்து பிரெஞ்சு முறைகளைப் புகுத்தினார். முசாக்காவின் மேல் பெஷமெல் குழம்பு ஏறியது அவரால்தான் என்பர். அவர் பெயரே கிரேக்கத்தில் சமையல் நூலுக்குப் பொதுப்பெயராயிற்று. அதே காலத்தில், 1923ஆம் ஆண்டின் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் அனத்தோலியாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாயினர். நூல்கள் விலக்க முயன்ற சுவைகள் அவர்களோடு அடுப்படிக்குத் திரும்பின.

இன்று அயல்நாட்டார் பலர் அறிந்த சகனாகி தீப்பற்றி எரிவது, "ஓபா!" என்னும் முழக்கத்தோடு பரிமாறப்படுவது. இவ்வழக்கம் கிரேக்கத்தினுடையதன்று. 1968இல் சிகாகோவின் 'பார்த்தினான்' உணவகத்தில் தோன்றியதாகவே பொதுவாகக் கூறப்படுகிறது.

அரபுத் தட்டு, துருக்கிய வாணலி, கிரேக்க விகுதி, அமெரிக்கத் தீ. இவற்றுள் எதை நீக்கினால் 'தூய' சகனாகி கிடைக்கும்? தூய்மையைத் தேடுவோர் அகராதியிலிருந்து ஒரு சொல்லை நீக்கலாம். அச்சொல்லால் அழைக்கப்படும் பாத்திரம் அடுப்பில் இருக்கும்வரை சொல்லும் இருக்கும்.