பழுது இரைப்பையிலா, உணவுத் தட்டிலா?

மாட்டுங்காவில் மின்ரயில் ஏறினால் தாதருக்கு அடுத்த நிலையம் பரேல். அங்கே பழைய கவர்னர் மாளிகையில் இயங்கும் ஹாஃப்கின் நிறுவனம் என்றதும் பிளேக் தடுப்பூசியே நினைவுக்கு வரும். கருவுற்ற பெண்களின் உயிர் குறித்த ஒரு வழக்கும் அங்கு விசாரிக்கப்பட்டது.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் வந்தார். பருத்தியாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்கள் பலர் கடும் இரத்தசோகையால் மடிந்துகொண்டிருந்தனர். அவர்களின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து உருவில் பெருத்திருந்தன. மேலை நாடுகளில் அறியப்பட்ட பெர்னீஷியஸ் அனீமியாவின் தோற்றமும் அதுவே. அந்நோயில் இரைப்பை தான் சுரக்கவேண்டிய ஒரு பொருளைச் சுரப்பதில்லை என்று 1929இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் காசில் காட்டினார். அப்படியானால் பம்பாய்ப் பெண்களின் இரைப்பையும் பழுதா?

வில்ஸ் அவர்களின் உணவைத் துருவினார். காய்கனியும் புரதமும் அருகிய அவ்வுணவை எலிகளுக்கு அளித்தார். எலிகள் நோயுற்றன, ஆனால் பேன் பரப்பிய கிருமி ஒன்று முடிவுகளைக் குழப்பியது. குரங்குகளுக்கு மாறினார். அதே உணவால் சோகையுற்ற குரங்கு, மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாற்றால் தேறியது. பெண்களும் தேறினர். 1931இல் கட்டுரை வெளிவந்தது. பெர்னீஷியஸ் அனீமியாவைத் தீர்த்த, தூய்மையாக்கப்பட்ட கல்லீரல் சாறு இப்பெண்களிடம் பலிக்கவில்லை என்பதையும் அவர் பின்னர் கண்டார். ஆகவே இது வேறு நோய், பழுது தட்டில்.

குரங்குக் கதையையே பலரும் சுவைபடச் சொல்வர். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது உடலமைப்பு. பசுவுக்கு இரைப்பையில் நான்கு அறைகள். முதல் அறையிலேயே நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கவைத்து, பி வகை வைட்டமின்களையும் ஆக்குகின்றன. பின்னர் அந்நுண்ணுயிர்களே செரிக்கப்பட்டுச் சிறுகுடலில் உறிஞ்சப்படுகின்றன. மனிதருக்கும் குரங்குக்கும் எலிக்கும் இரைப்பை ஒன்றே. அமிலமும் பெப்சினும் அங்கே புரதத்தை உடைக்கின்றன. நொதித்தல் பெரும்பாலும் பெருங்குடலில், உறிஞ்சும் இடமெல்லாம் கடந்த பிறகே நிகழ்கிறது. அங்கே உருவாகும் வைட்டமினில் உடலுக்குக் கிட்டுவது சிறுபங்கே. எலி தன் எச்சத்தைத் தானே தின்று அந்த இழப்பை ஈடுகட்டிக்கொள்கிறது (குமட்டலாம், ஆனால் சிக்கனம்!). மனிதருக்கு அவ்வழியில்லை; தட்டில் இல்லாதது உடலிலும் இராது. கருவுற்ற காலத்தில் தேவை பெருகும்போது குறை வெளிப்பட்டுவிடுகிறது.

இடையில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னையில் நம் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றழைக்கும் திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் வில்ஸ் பணியாற்றினார். ஈஸ்டில் இருந்த பொருள் இன்னதென்று அப்போது விளங்கவில்லை. 'வில்ஸ் காரணி' என்றே வழங்கியது. 1941இல் அமெரிக்காவில் பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தவர்கள், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். மாட்டுங்கா சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் கீரையிலும் அது உண்டு. நெடுநேரம் வேகவைத்தால் பெரும்பகுதி அழிந்துவிடும். தாராவியில் இன்று கருவுற்ற பெண்களுக்கு அரசு தரும் மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அந்த ஃபோலிக் அமிலம்தான்.