பாட்னா ஷைகு ஜைனுத்தீன் வரைந்த மாங்குயில்

ஜாவாவின் உயர்குடி முஸ்லிமான ராடன் சாலிஹ் 1829இல் நெதர்லாந்து சென்று, விலங்கோவியங்களால் ஐரோப்பாவெங்கும் பெரும்புகழ் ஈட்டினார். அவருக்கு அரை நூற்றாண்டு முன்னரே, ஐரோப்பியருக்காகப் பறவைகளையும் விலங்குகளையும் வரைந்த முஸ்லிம் ஓவியர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவர் பாட்னாவைச் சேர்ந்த ஷைகு ஜைனுத்தீன்.

கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியாக 1774இல் வந்தவர் எலைஜா இம்பே. அவருடைய மனைவி மேரி இம்பே தம் தோட்டத்தில் அரிய உயிரினங்களை வளர்த்து, அவற்றை வரைவதற்கு 1777 முதல் ஜைனுத்தீனை அமர்த்தினார். பின்னர் பவானிதாஸ், ராம்தாஸ் ஆகியோரும் இப்பணியில் இணைந்தனர். 1782க்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் உருவாயின.

அவற்றுள் 1778இல் ஜைனுத்தீன் தீட்டிய ஒன்று இன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் கலைக்கூடத்தில் உள்ளது. பலாமரக் கட்டையொன்றில் கருந்தலை மாங்குயில் அமர்ந்திருக்கிறது; அருகில் ஒரு பூச்சி. பின்னணியில் காட்சி எதுவுமில்லை. ஆங்கிலேயத் தாளின் வெண்மை மட்டுமே. தாளும் தேவையும் ஐரோப்பாவினுடையவை. இறகின் நுண்மையைப் பற்றிய தூரிகையோ முகலாய மரபினது.

அம்மரபின் முன்னோடி உஸ்தாத் மன்சூர். விலங்குகளையும் பறவைகளையும் வரைவதில் இணையற்றிருந்த அவருக்குப் பேரரசர் ஜஹாங்கீர் ‘நாதிருல் அஸ்ர்’ என்னும் பட்டம் வழங்கினார். ‘காலத்தின் அரியவர்’ என்பது அதன் பொருள். ஜைனுத்தீனுக்கு அத்தகைய பட்டமில்லை. ‘பாட்னாவைச் சேர்ந்தவர்’ என்ற குறிப்போடு அவர் பெயர் ஓவியத்தில் பதிவாகியுள்ளது, அவ்வளவே.

அறிவியல் யாருடைய பெயரைப் போற்றியது? இம்பே ஓவியங்களை ஆராய்ந்து புதிய பறவையினங்களை விவரித்தவர் ஆங்கிலேயரான ஜான் லேத்தம். இமயமலையின் மோனல் பறவைக்கு 1790இல் அவர் இட்ட அறிவியல் பெயரில் இம்பே சீமாட்டியே நினைவுகூரப்படுகிறார். நம் புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெராவின் பெயரும் அவ்வாறே சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் நிலைத்துவிட்டது. சேகரித்தோர் பெயர்கள் பறவைகளோடு வாழ்கின்றன. கூர்ந்து நோக்கி வரைந்த கையின் பெயர் அங்கில்லை.

1810இல் இலண்டனில் ஏலம் விடப்பட்ட அத்தொகுப்பு பல இடங்களுக்குச் சிதறியது. இத்தகைய படைப்புகள் ‘கம்பெனி ஓவியங்கள்’ என்ற பொதுப்பெயரிலேயே நெடுங்காலம் வழங்கின. 2019ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் வாலஸ் கலைக்கூடம் நடத்திய கண்காட்சியே, இவற்றை வரைந்த இந்திய ஓவியர்களை முன்னிறுத்தியது.

வாங்கியவர் பெயரால் ஒரு கலையை அழைக்கும் வழக்கம், படைத்தவரை மறைத்துவிடுகிறது. இந்த மாங்குயிலை ‘ஜைனுத்தீனின் மாங்குயில்’ என்றே நம் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வோம்.