நிழற்படமும் பெயரற்ற கரங்களும்

கோலாலம்பூரைச் சேர்ந்த பிரிக்பீல்ட்ஸ், தன் பெயரிலேயே உழைப்பைத் தாங்கி நிற்கும் இடமாகும். 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் அத்தாப்புக் கூரை வேய்ந்த பழைய நகரை அழித்தபின், நகரைச் செங்கல்லால் எழுப்ப வேண்டியதாயிற்று. அச்செங்கல்லைச் சுட்ட சூளைகளே இவ்விடத்திற்குப் பெயராயின. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர் இரயில்வேப் பணிமனைகளும் குடியிருப்புகளும் தோன்றின. தமிழர் பெருந்தொகையினராய் இங்கே வந்து வாழ்ந்தனர். இன்று சூளைகள் இல்லை. பழைய குடியிருப்புகளிலும் பல இல்லை. அவ்வாழ்வுக்குச் சாட்சியாய் எஞ்சியவை, வீட்டுச் சுவரிலும் பெட்டியின் அடியிலும் கிடக்கும் மங்கிய நிழற்படங்கள் சிலவே. அவற்றைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்போமாயின், பெரும்பாலானவற்றில் ஒரு பெயர்கூட எழுதப்பட்டிராது.

இக்குறை இன்று நேற்று வந்ததன்று. இந்நாட்டில் நிழற்படக் கலை கால்கொண்ட நாளிலேயே இதன் வேரைக் காணலாம். அதனை அறிய, அக்காலத்துப் பெரும் படக்கலைஞர் ஒருவர் எக்கருவியை விரும்பினார், ஏன் விரும்பினார் என்பதை ஆராய்வோம்.

ஜான் தாம்சன் என்பார் 1837இல் எடின்பரோ நகரில் பிறந்தவர். 1862இல் சிங்கப்பூர் வந்து, பின் பினாங்கிலும் வெல்லெஸ்லி மாகாணத்திலும் பத்து மாதம் தங்கிப் படமெடுத்தார். 1866இல் கம்போஜத்து அங்கோர் ஆலயங்களையும், அதன்பின் 1872 வரை சீனத்தையும் படமாக்கிப் புகழ் பெற்றார். அவர் கைக்கொண்டது 1851இல் ஆர்ச்சர் என்பவர் வெளியிட்ட ஈரத்தகடு முறையாகும். வெடிபஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்த கொலோடியன் என்னும் குழம்பைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றிப் பரப்பி, இருட்டில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் காமிராவில் வைத்துப் படமெடுத்து, உடனே மருந்திட்டுக் கழுவவேண்டும். வெப்பம் மிகுந்த நம் நாட்டில் ஈதர் விரைந்து ஆவியாகும். ஈரம் நிற்கும் நேரமோ சில நிமிடங்களே. ஆகவே, போகுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரம், மருந்துக் குப்பிகள், நல்ல தண்ணீர், கண்ணாடித் தகடுகள் ஆகிய யாவும் உடன் செல்லவேண்டும்.

இவ்வளவு தொல்லை தரும் முறையை அவர் ஏன் விரும்பினார்? அதற்கு முந்தைய வழியொன்றை நம் முன்னோர் நாட்டிலேயே காணலாம். சென்னை மாகாண அரசாங்கத்தின் படக்கலைஞரான லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி, 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாய் எடுத்து ஒரே நீண்ட படமாக இணைத்தவர். மெழுகூட்டிய தாளைப் பெரிய காமிராவில் வைத்து அவர் சுற்றுப்பயணப் படங்களை எடுத்தார். அத்தாளை முன்கூட்டியே செய்து வைக்கலாம். சுமந்து செல்வதும் எளிது. ஆயின் ஒளி பதிய நெடுநேரம் பிடிக்கும். நடமாடும் மனிதன் அதில் பதியான். ஆதலின் அம்முறை கோபுரத்திற்கும் கல்லுக்கும் ஏற்றதே யன்றி, ஓயாது இயங்கும் மக்களுக்கு ஏற்றதன்று.

ஈரத்தகடோ சில விநாடிகளில் உருவத்தைப் பற்றும். தாம்சன், பக்கம்பக்கமாய் இரு லென்ஸ் பொருத்திய இரட்டைப் படக் காமிராவையும் உபயோகித்தார். சிறிய தகட்டுக்குக் குறுகிய குவிய நீளமுள்ள லென்ஸ் போதுமாகையால், படமெடுக்கும் நேரம் இன்னும் குறையும். கடைத்தெருவும் படகுத்துறையும், அங்குள்ள மக்களும் படத்தில் இடம்பெற வழி பிறந்தது இதனாலேதான். கருவியைத் தேர்வது, யாரைக் காண்பது என்பதையும் தேர்வதாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஆனால் அக்கருவி ஒருவரால் இயங்கக் கூடியதன்று. தகடு துலக்கவும், மருந்து கலக்கவும், வெயிலில் வைத்துத் தாளில் அச்செடுக்கவும் கரங்கள் வேண்டும். அக்கரங்கள் யாருடையவை? தம் மலாக்கா நீரிணைப் பயண நூலில், 1875இல், தாம்சனே அதைக் கூறியுள்ளார். மனிதக் கை படாமலே உருவம் பதியும் இம்மாயவேலைக்குச் சீனர் உடன்படாமையால், சென்னை மாகாணத்தார் இருவரைத் தாமே பழக்கி உதவியாளராக்கிக் கொண்டாராம். பிறர் அஞ்சி விலகிய புதிய விஞ்ஞானத் தொழிலை, கடல் கடந்து வந்த நம்மவர் இருவர் அஞ்சாது கற்றனர்! மூடநம்பிக்கையை உதறி அறிவின் பக்கம் நின்ற அவ்விருவரும் நம் பெருமைக்குரியவர். ஆயினும் அவர்கள் பெயர் அந்நூலில் இல்லை.

தாம்சன் ஏழைகளை மதியாதவர் என்றும் சொல்வதற்கில்லை. 1877இலும் 1878இலும் அடால்ஃப் ஸ்மித் என்பவருடன் அவர் வெளியிட்ட இலண்டன் வீதி வாழ்க்கை நூலில், முன்னாள் கோமாளியான கேனி, கையிழந்த உழைப்பாளியான ஹூக்கி ஆல்ஃப் முதலியோர் பெயரோடும் வரலாற்றோடும் நிற்கின்றனர். இலண்டன் ஏழைக்குக் கிடைத்த பெயர், பினாங்கில் உடனிருந்து உழைத்த தோழனுக்குக் கிடைக்கவில்லை. டிரைப்பின் உதவியாளராய், சென்னைத் தொழிற்கலைப் பள்ளியில் பயின்ற ஐயாசாமியின் பெயரோ பதிவாகி நின்றது. அதனாலேயே அவரை இன்று நாம் நினைக்கிறோம். எழுதப்பட்ட ஒரு சொல்லின் வலிமை அத்தகையது!

பின்னர்க் கருவி சிறுத்தது. 1925இல் ஜெர்மனியில் லைக்கா விற்பனைக்கு வந்தது. சினிமாச் சுருளில் 36 படம் எடுக்கும் அக்கையடக்கக் காமிராவை, பிரெஞ்சுக் கலைஞர் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1932 முதல் கைக்கொண்டார். கண்ணின் பார்வைக்கு நெருங்கிய 50 மில்லிமீட்டர் லென்ஸையே பெரிதும் விரும்பினார். மினுக்கு விளக்கை வெறுத்தார். காமிராவின் பளபளப்பைக் கருப்பு நாடாவால் மறைத்தார். 1948இல் காந்தியடிகளின் இறுதி நாளையும், 1950இல் திருவண்ணாமலையில் ரமணரின் இறுதி நாட்களையும் படம்பிடித்தவர் அவரே. கூடாரமும் உதவியாளரும் இன்றி, எதிரிலிருப்பவர் வாழ்வைக் கலைக்காமல் படமெடுக்க அச்சிறு கருவி துணைநின்றது.

இன்றோ தோட்டத்திலும் பட்டணத்திலும் ஒவ்வொருவர் கையிலும் காமிராவுள்ள கைப்பேசி இருக்கிறது. ஆயினும் எந்த லென்ஸும் முகத்தைத்தான் காட்டும், பெயரைக் காட்டாது. பால்மரத்தடியில் நின்ற பாட்டியை அஞ்சலட்டை வியாபாரி "தமிழ்ப் பெண்" என்று மட்டும் அச்சிட்டு விற்றான். அது அவன் செய்த குறை. அவள் பெயரறிந்த பேரப்பிள்ளைகள் எழுதாது விடுவோமாயின், அது நாம் செய்யும் குறை. முதியோர் உயிரோடிருக்கும்போதே, மெல்லிய பென்சிலால் படத்தின் பின்னே பெயர், ஊர், தோட்டம், ஆண்டு, செய்த வேலை ஆகியவற்றை எழுதி வைப்போம். உழைத்த தலைமுறைக்கு நாம் செலுத்தவேண்டிய கடன்களில் இதுவே மிகச் சிறியது. காலம் கடந்தால் தீர்க்க முடியாததும் இதுவே.