தில்லி வானொலியின் உருது ஒலிபரப்பும் எல்லை கடந்த நேயர்களும்

புதுதில்லி நகரம் உருவாகிவந்த காலத்தில், 1921ஆம் ஆண்டில், வட்டச் சாலை ஒன்றின் நடுவே எழுப்பப்பட்ட அங்காடிக்குக் கோல் மார்க்கெட் என்று பெயர். தமிழ்ச் செவிக்குக் ‘கோல்’ என்பது ஊன்றுகோலையோ செங்கோலையோ நினைவூட்டும். ஆயின் இப்பெயரின் முற்பகுதி ‘வட்டமான’ என்னும் பொருளது. கோளம் என்று தமிழில் வழங்கும் வடசொல்லோடு உறவுடையது. இந்தி அகராதியும் உருது அகராதியும் அதனை ஒருங்கே தம் சொல்லாகக் கொள்கின்றன. பிற்பகுதி ஆங்கிலம். இருமொழித் தூய்மையாளருள் எவர்க்கும் உவப்பளிக்காத இத்தொடரை, சுற்றுவட்டாரத்து அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர் உட்பட, அனைவரும் இடர்ப்பாடின்றி வழங்கிவந்தனர்.

இவ்வட்டத்திலிருந்து நடந்து சென்றடையும் தொலைவில், நாடாளுமன்றத் தெருவில், 1943 முதல் இயங்கிவருவது அகில இந்திய வானொலியின் ஒலிபரப்பு மாளிகை. 1947 ஆகஸ்ட் 15 அன்று விடுதலைச் செய்தியைத் தமிழில் பூர்ணம் விஸ்வநாதன் வாசித்தது தில்லி வானொலியிலிருந்தே. ஆங்கில மூலச் செய்தி ஒன்றே பல மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்ட அந்நிலையத்தில், தமிழ் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொண்டதிலிருந்து முற்றும் வேறானதொரு சிக்கல் இந்தி, உருதுப் பிரிவினருக்கு இருந்தது. தமிழர் பெயர்க்க வேண்டியிருந்தது. அவர்களோ ஒரே பேச்சு வழக்கை இரண்டாகப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. அப்பிரிவினை ஒலிபரப்பில் எங்கே நிகழ்ந்தது, எங்கே நிகழாது போயிற்று என்பதை உருது ஒலிபரப்பின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்துஸ்தானியின் மறைவு

பிரிவினைக்கு முற்பட்ட தில்லி வானொலியில் செய்தியறிக்கையின் மொழி ‘இந்துஸ்தானி’ எனப்பட்டது. சாதத் ஹசன் மண்ட்டோ, கிருஷன் சந்தர், உபேந்திரநாத் அஷ்க், ந. மீ. ராஷித் ஆகியோர் 1940களின் தொடக்கத்தில் அங்குப் பணியாற்றியவர்கள். வானொலியின் தலைமைப் பொறுப்பிலிருந்த அ. ஷா. புகாரி, ‘பத்ரஸ்’ என்னும் புனைபெயரில் உருது நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதியவர். செய்திக்குரிய பொதுச் சொற்களைத் தொகுக்கும் பணி, இந்தி எழுத்தாளர் ச. ஹீ. வாத்ஸ்யாயனிடமும் (அக்ஞேய) உருது இதழாளர் சிராக் ஹசன் ஹஸ்ரத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. இரு சாராரும் ஏற்கும் சொற்களைத் தேர்வதே குறிக்கோள். எனினும் இந்தி ஆர்வலர் வானொலி மொழியை உருது என்றும், உருது ஆர்வலர் அதனை இந்தி என்றும் கடிந்தனர். இருபுறத்தாராலும் குறைகூறப்பட்டமையே அம்மொழி நடுவில் நின்றமைக்குத் தக்க சான்று எனலாம்.

1947இல் லாகூர், பெஷாவர், டாக்கா நிலையங்கள் பாகிஸ்தானுக்குச் சென்றன. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சிராப்பள்ளி, லக்னோ ஆகிய ஆறும் இந்தியாவில் எஞ்சின. செய்தியறிக்கைப் பெயராக ‘இந்துஸ்தானி’ வழக்கிறந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 351ஆம் பிரிவு, இந்தி தன் சொற்களை முதன்மையாக வடமொழியிலிருந்து கொள்ள வேண்டும் என வகுத்தது. பாகிஸ்தான் வானொலியோ அரபு, பாரசீகச் சொற்களை நோக்கிச் சென்றது.

பாடலுக்கு வந்த தடைகள்

செய்தி மொழி இவ்வாறு பிரிந்த காலத்தில் திரைப்பாடலின் மொழி பிரியவில்லை. ஆயினும் பாடலுக்கு வேறுவகைத் தடைகள் நேர்ந்தன. பா. வி. கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற 1952ஆம் ஆண்டில் திரைப்பாடல்கள் அகில இந்திய வானொலியிலிருந்து ஏறத்தாழ மறைந்தன. நேயர்கள் இலங்கை வானொலியின் இந்திப் பிரிவை நாடினர். அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ எல்லையின் இருபுறமும் கேட்கப்பட்டது. 1957 அக்டோபர் 3இல் தொடங்கிய ‘விவித் பாரதி’ இழந்த நேயர்களை மீட்க எழுந்ததே. தமிழ்நாட்டார் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் ஆழ்ந்திருந்ததை அறிந்தோர்க்கு இந்நிகழ்ச்சி புதிதாகத் தோன்றாது.

பாகிஸ்தானில் எதிர்ப்பு திரைத்துறையினரிடமிருந்தே வந்தது. 1954இல் ‘ஜால்’ என்னும் இந்தித் திரைப்படம் திரையிடப்படுவதை எதிர்த்து லாகூரில் போராட்டம் நடந்தது. 1965 போரையடுத்து இந்தியத் திரைப்படங்கள் அங்கு முற்றாகத் தடைசெய்யப்பட்டன. படத்தைப் பார்க்க இயலாத நிலையில் அதன் பாடலைக் கேட்பதற்கு வானொலி ஒன்றே பெருவழியாயிற்று.

அதே போரை ஒட்டியே தில்லியின் உருது ஒலிபரப்பு பாகிஸ்தான் நேயர்களை இலக்காகக் கொண்டு விரிவாக்கப்பட்டது. இந்திய அரசின் நிலைப்பாட்டை எடுத்துரைப்பதே அதன் பணி. நேயரோ பாடலுக்காகவே அலைவரிசையைத் திருப்பினர். பாகிஸ்தானிலிருந்து விருப்பக் கடிதங்கள் திரளாக வந்தன. பரப்புரைக்கு எனத் தோன்றிய அமைப்பு நேயர் விருப்பத்தால் உருமாறியமை, இவ்வொலிபரப்பின் வரலாற்றில் தனியே கருதத்தக்கது.

நிகழ்ச்சிப் பெயர்களின் சான்று

மொழியியலார் நோக்குக்கு நிகழ்ச்சிப் பெயர்களே சிறந்த தரவு. உருது ஒலிபரப்பின் புகழ்பெற்ற நேயர் விருப்ப நிகழ்ச்சி ‘தாமீலே இர்ஷாத்’. இரு சொற்களும் அரபு. இடையே நிற்கும் ‘ஏ’ பாரசீக இலக்கணத்தின் உடைமைத் தொடர் உருபாகிய ‘இஸாஃபத்’. ‘தாமீல்’ என்பது செயற்படுத்தல். தமிழில் ‘அமல்’, ‘அமலாக்கம்’ என வழங்கும் சொல்லும் அதே வேரினது. ‘இர்ஷாத்’ என்பதற்கு அரபியில் வழிகாட்டல் என்பது பொருள்; உருதுவிலோ பெரியோரின் கூற்றையும் கட்டளையையும் பணிவுடன் குறிக்கும். கவியரங்கில் கவிஞரை ‘மொழிந்தருள்க’ என வேண்டுவோரும் இச்சொல்லையே கூறுவர். எனவே இப்பெயரில் நேயர் ஆணையிடும் தகுதியினராகவும் நிலையம் அதனைத் தலைமேற்கொள்வதாகவும் அமைகின்றன. ‘நேயர் விருப்பம்’ என்னும் தமிழ் வழக்கு இருவரையும் அன்பின் நிலையில் நிறுத்துகிறது. ஒன்றை மற்றொன்றாகப் பெயர்த்தால் கருத்துப் பிழையாது. மரியாதையின் அளவு மாறிவிடும்.

இதற்கு எதிரே ‘கீத்மாலா’ முழுதும் வடமொழி. ‘விவித் பாரதி’யும் அவ்வாறே. ஆனால் அந்த விவித் பாரதியின் விருப்ப நிகழ்ச்சி ‘ஆப் கீ ஃபர்மாயிஷ்’ எனப் பாரசீகச் சொல்லைத் தாங்கிற்று. ஃபர்மாயிஷ் என்பது அரசாணையைக் குறிக்கும் ‘ஃபர்மான்’ என்பதன் உடன்பிறப்பு. அந்நிகழ்ச்சிகளுக்கு அயராது எழுதிப் பெயர்பெற்ற ஊர் ஜும்ரி திலையா. அங்குள்ள நேயர் எவரும் அச்சொல்லைப் பாரசீகம் எனத் தள்ளியதில்லை. பலகையில் எழுதிய பெயர் எம்மொழியினதாயினும் உள்ளே ஒலித்தவை ஒரே பாடல்களே.

உருது ஒலிபரப்பின் மற்றொரு நிகழ்ச்சியான ‘ஆவாஸ் தே கஹாங் ஹை’ பழம்பாடல்களுக்குரியது. இதன் பெயர் 1946இல் வெளிவந்த ‘அன்மோல் கடீ’ திரைப்படத்தின் இருகுரல் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. குரல் என்று பொருள்படும் முதற்சொல் பாரசீகம். கொடு, எங்கே, இருக்கிறாய் என்னும் ஏனைய மூன்றும் இந்திய ஆரிய மொழிக்குரியவை. பெயர்ச்சொல் எங்கிருந்தும் வரலாம், வினையும் வினாவும் மண்ணுக்குரியவை என்னும் இவ்வமைப்பே திரைப்பாடல் மொழியின் அடிப்படை. அகராதிகளைப் பிரித்தவர்களால் இதன் வினைத்திரிபைப் பிரிக்க இயலவில்லை.

பெயர்ப்பும் பெயர்ப்பின்மையும்

எதிர்த்திசையில் வந்தவை கஸல்களும் தொலைக்காட்சித் தொடர்களும். மெஹ்தி ஹசன், குலாம் அலி ஆகியோரின் இசைப்பேழைகளும், ‘தன்ஹாயியாங்’ (1985), ‘தூப் கினாரே’ (1987) ஆகிய தொடர்களின் ஒளிப்பேழைகளும் வட இந்திய இல்லங்களில் கைமாறின. கஸலின் சொல்வளம் திரைப்பாடலினும் கடினமானது. எனவே உருதுக் கவிதைகளைத் தேவநாகரியில் அச்சிட்டு, அருஞ்சொற்பொருளை அடியில் தரும் பதிப்புகள் பெருகின. இதனை மொழிபெயர்ப்பு என்பதற்கில்லை. எழுத்துப்பெயர்ப்பு என்று மட்டும் கூறி அமைவதற்குமில்லை. நம் உரையாசிரியர் செய்யுளை மாற்றாது அதன் கீழ்ப் பொருளுரைத்த நெறிக்கே இது நெருக்கமானது.

வேறுபாட்டின் எல்லையை ‘முகலே ஆஸம்’ (1960) நன்கு புலப்படுத்துகிறது. உயர்நடை உருது உரையாடல் நிறைந்த அப்படம் தமிழில் ‘அக்பர்’ (1961) என மொழிமாற்றப்பட்டு வெற்றி பெறாது போயிற்று. 2006இல் பாகிஸ்தானில் திரையிடப்பட்டபோதோ ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒரு நாட்டுக்குள்ளே பெயர்ப்பு வேண்டப்பட்டது. நாட்டெல்லைக்கு அப்பால் வேண்டப்படவில்லை. 2014 ஜூனில் தொடங்கிய ‘ஜிந்தகி’ அலைவரிசையிலும் இதுவே நிகழ்ந்தது: பாகிஸ்தான் தொடர்கள் மூலக் குரலிலேயே ஒளிபரப்பாயின, பின்னர் அங்கு வந்த துருக்கித் தொடர்களுக்கு இந்திக் குரல் சேர்க்கப்பட்டது.

எளிமையாகப் புரிவதே அச்சத்துக்கும் காரணமாயிற்று. 2016இல் பாகிஸ்தானின் பஞ்சாப் சட்டப் பேரவையில், இந்திக் குரலில் வரும் ‘டோரேமான்’ என்னும் சப்பானியக் கேலிச்சித்திரத் தொடரைத் தடைசெய்யக் கோரும் தீர்மானம் அளிக்கப்பட்டது. குழந்தைகள் மொழியில் இந்திச் சொற்கள் புகுகின்றன என்பது அப்போது எழுந்த கவலைகளுள் ஒன்று. எழுத்தறியாப் பருவத்தார்க்கு இரு மொழிகளைப் பிரித்துக் காட்டும் எழுத்து வேறுபாடு பயன்படாது அன்றோ?

2016 செப்டம்பரில் நிகழ்ந்த உரித் தாக்குதலுக்குப் பின் ஜிந்தகி பாகிஸ்தான் தொடர்களை நிறுத்தியது. அடுத்த மாதமே பாகிஸ்தானும் இந்திய நிகழ்ச்சிகளைத் தடுத்தது. 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து, மே மாதத் தொடக்கத்தில் பாகிஸ்தானின் பண்பலை நிலையங்கள் இந்தியப் பாடல்களை நிறுத்தின. மே 8இல் இந்திய அரசு, பாகிஸ்தானில் தோன்றிய திரைப்படம், தொடர், பாடல் முதலியவற்றை இணையவழித் தளங்கள் நீக்க வேண்டும் என அறிவுறுத்தியது.

‘அன்மோல் கடீ’ பாடலுக்கு இவ்வரையறைகளைப் பொருத்திப் பார்த்தால் விடை எளிதாகக் கிட்டுவதில்லை. அது பம்பாயில் உருவானது. இசையமைத்த நௌஷாதும் உடன் பாடிய சுரேந்திராவும் இந்தியாவில் வாழ்ந்தனர். கசூரில் பிறந்த நூர்ஜஹானும் பாடலை எழுதிய தன்வீர் நக்வியும் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் குடியமர்ந்தனர். நூர்ஜஹான் 1982இல் மீண்டும் பம்பாய் வந்தபோது, அவரது பாடலிலிருந்து பெயர்பெற்ற நிகழ்ச்சியின் வழியே பழம்பாடல்களைத் தில்லியிலிருந்து லாகூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது நாடாளுமன்றத் தெரு வானொலி.